பலகை எழுதுவோரும் பழக வருவோரும்

நம் மன்றத்து அறை வாயிலில் புதிதாகத் தொங்கும் பெயர்ப்பலகையை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். 'பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றம்' என்று கறுப்பின்மேல் மஞ்சளில் எழுதப்பட்ட பலகை அது. பார்த்தவர்களுள் சிலர், "லை என்னும் எழுத்து ஏன் யானைத் துதிக்கையோடு நிற்கிறது?" என்று என்னைக் கேட்டனர். அதற்கு விடை கூறத் தொடங்கினால் மட்டாஞ்சேரிவரை போய் வர வேண்டும் என்று அப்போது நழுவிவிட்டேன். மலர்க்குழுவினர் விடுவதாயில்லை. "போய் வந்த கதையையே எழுதிக் கொடு" என்று பிடித்துக்கொண்டனர்.

தோப்பும்படி வழியாகப் பேருந்தில் மட்டாஞ்சேரிக்குப் போகும் நம் மாணவர்கள் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்ப்பர். யூதர் தெருவில் நடந்து 1568ஆம் ஆண்டின் தொழுகைக் கூடத்தை எட்டிப் பார்ப்பர். ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவர். அந்தத் தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதன் முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் உரோமானிய எண்கள், மற்றொன்றில் மலையாள எண்கள். படகிலிருந்து வருபவனுக்கு ஒன்று, கடைக்காரனுக்கு ஒன்று, தொழ வருபவனுக்கு ஒன்று என்று 18ஆம் நூற்றாண்டிலேயே எண்ணி எழுதியிருக்கிறார்கள் போலும்! கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் தமிழரும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்து மிளகும் இஞ்சியும் விற்ற ஊரில், பலகை எழுதுபவன் ஒரே எழுத்தை அறிந்து பிழைக்க முடியாது. நான் பழகிய ஆசான் மலையாளம், ஆங்கிலம், இந்தி, தமிழ் ஆகிய நான்கையும் எழுதுவார். அவற்றுள் இரண்டை அவருக்குப் படிக்கத் தெரியாது.

முதலில் நான் ஏறிய கடை இவருடையது அன்று. அங்கே பலகைக்கு விலை கேட்டதோடு, எழுதக் கற்றுக்கொள்ள ஆசை என்றும் சொல்லிவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிக்கொள்" என்றார். அருகிலிருந்தவர்களும் சிரித்தனர். காதெல்லாம் சூடேற இறங்கி வந்தேன். இரண்டாவது கடையில் இருந்த முதியவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். "சனிக்கிழமை வா, மோனே" என்றார். அவ்வளவுதான். வேறு பட்டறைகளில் வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம் வைத்துத் தட்சிணை கொடுத்துத் தொடங்கும் வழக்கம் உண்டு. இவர் என்னைச் சாயா வாங்கி வரச் சொன்னார். அதுவே தட்சிணையாயிற்று. தெருவார் அவரை 'இக்கா' என்பர். கடைக்குள் இருப்பவர்களுக்கு அவர் 'ஆசான்'.

நான்கு சனிக்கிழமைகள் பிரஷ் கழுவினேன். (தூரிகை என்று எழுதத்தான் கை துடிக்கிறது, ஆனால் அங்கே அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது.) மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, மயிரை விரலால் நீவிக் கூராக்கி, எண்ணெய் தொட்டுப் படுக்கவைக்க வேண்டும். நான்காம் வாரம், "இதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறேன்?" என்று உள்ளம் குமுறியது. அன்று நான் அரைகுறையாகக் கழுவி வைத்த பிரஷ் ஒன்றை ஆசான் எடுத்து, ஒரு கோடு இழுத்து, அப்படியே என்னிடம் நீட்டினார். கோட்டின் ஓரம் கிழிந்த துணிபோல் இருந்தது. தகரக் கழுத்துக்குள் மயிரின் அடியில் எனாமல் காய்ந்து கட்டிப்பட்டால், நுனி விரிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பிரஷ் எழுத்துக்கு உதவாது, கதவுக்குத்தான் உதவும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. நானாகவே கண்டுகொண்டேன்.

கழுவுதலுக்குப் பின் வருவது நிரப்புதல். ஆசான் எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்து கொடுப்பார். பழகுபவன் உள்ளே வண்ணம் நிரப்ப வேண்டும், கோட்டைத் தொட்டும் தாண்டாமலும். அதற்கு முன்பே தகரத்துக்கு ரெட் ஆக்சைடு பூசவும், சுண்ணப்பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துத் தெறித்துக் கோடு போடவும் அவன் கற்றிருப்பான். நிரப்புதல் கைவந்தால் எழுத்துக்கு நிழல் போடத் தருவார்கள். பிறகு நேர்கோடுகள், பிறகு வளைவுகள். ஆங்கிலத்தில் எம், என் போன்றவை எளியவை, எஸ் கடினம். மலையாளம் முழுவதுமே வளைவு. அடித்துத் திருத்த முடியாத கண்ணாடியைக் கடைசியாகத்தான் தருவர். சுவரோ பொறுமையுடையது, தவறினால் வெள்ளையடித்துக்கொள்ளலாம்.

இவற்றிலெல்லாம் அரியது இடைவெளி. எழுத்துகளுக்கு இடையே ஒரே அளவு வெளி விட்டால் சமமாகத் தோன்றும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அளவுகோலால் அளந்து பாருங்கள், சமமாகவே இருக்கும். கண்ணுக்கோ பல் விழுந்த வாய்போல் தெரியும். ஏனென்றால் 'ட' தன் வலப்பக்கத்தில் ஒரு வெற்றிடத்தைத் தானே வைத்திருக்கிறது. அடுத்த எழுத்தை அதற்கு நெருக்கி வைக்க வேண்டும். 'ப' இருபுறமும் சுவர் எழுப்பி நிற்பது. அதற்குச் சற்று மூச்சுவிட இடம் தர வேண்டும். ஆசான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பலகையைப் பார்ப்பார். எழுத்து மறைந்து கறுப்பும் மஞ்சளும் மட்டும் தெரியும் அந்தப் பார்வையில் எங்கே கறுப்பு தேங்குகிறதோ அங்கேதான் பிழை. நான் கேட்ட கேள்விகளுள் அவர் முழு விடை தந்தது இது ஒன்றற்குத்தான்.

மற்றவற்றில் அவர் வாய் திறப்பதில்லை. எனாமலில் எவ்வளவு டர்பன்டைன் விடுவது என்று கேட்டால், "பார்" என்பார். பார்த்தால் கணக்கே இல்லாமல் ஊற்றுவதுபோல் தோன்றும். மழைக்காலத்துக்கு ஒரு பதம், வேனிலுக்கு ஒரு பதம். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுவார். எழுத்து மாதிரிகள் வரைந்த பழைய நோட்டு ஒன்று பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

இங்கே எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஆசிரியராகத் தகாதவர்களுக்குப் பவணந்தி முனிவர் நான்கு உவமை சொல்கிறார் அல்லவா? இட்ட முறையில் வெளிவராத கழற்சிக்காய்க் குடம், தானாக உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க விடாத மடற்பனை, இடுவதும் அரிதாய் எடுப்பதும் அரிதான பருத்திக் குண்டிகை, ஒருவர் நீர் வார்க்க வேறொருவர்க்குக் காய் தரும் முடத்தெங்கு. தேர்வுக்காக இவற்றை உருப்போட்ட நாளில் எனக்கு எந்தப் பனையும் கண்ணுக்குத் தெரியவில்லை. மட்டாஞ்சேரியில் அந்த மடற்பனை லுங்கி கட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தது.

ஆயின் பனையைக் குறை கூறும்முன் அதன் கணக்கையும் கேட்பது முறையன்றோ? ஒரு தெருவில் எத்தனை கடை இருக்கிறதோ அத்தனை பலகைதான். அவையும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. கடற்காற்றின் உப்பும் இடவப்பாதி மழையும் தகரத்தைத் தின்று தீர்த்தால்தான் மறுவேலை. இந்நிலையில் எல்லாம் கற்ற சீடன் எதிர்வீட்டுத் திண்ணையில் கடை திறந்தால், குருவின் உலையில் பாதி போயிற்று. ஆசானுக்கே அது நேர்ந்திருக்கிறது. அவர் பயிற்றிய பையன் ஒருவன், அவருடைய வாடிக்கையாளரிடமே குறைந்த விலை சொல்லி எழுதத் தொடங்கினானாம். "தேங்காய் அவன் முற்றத்தில் விழுந்தது" என்றார். நன்னூலில் முடத்தெங்கு ஆசிரியன். இங்கே சீடன் முடத்தெங்காகிவிட்டான்! அந்நாள் தொட்டே நோட்டு பெட்டிக்குள் போனது.

இந்த அச்சம் மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவிலும் பலகை எழுதுவோர் தொழில் நுணுக்கத்தை மறைத்தே வாழ்ந்தனர். அங்கே கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் 1975ஆம் ஆண்டு இளைஞர் எழுவர் ஒன்றுகூடினர். பழைய கைகளின் முறைகளைத் தேடிக் கற்பது, கற்றதை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் காட்டுவது என்று தொடங்கினர். 'லெட்டர்ஹெட்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். ஒருவர் பட்டறையில் கூடி எல்லாரும் சேர்ந்து எழுதிப் பார்க்கும் அவ்வழக்கம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. இதை ஆசானிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்து, "அவர்களுக்குச் சோறு யார் போட்டார்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அவர் அஞ்சிய எதிரி எதிர்வீட்டுத் திண்ணையில் இல்லை என்பதுதான் வேதனை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளெக்ஸ் வந்தது. ஒரு நாள் முழுவதும் எழுதும் பலகையை இயந்திரம் சில நிமிடங்களில் அச்சிட்டுத் தள்ளியது. எதிர்க்கடைச் சீடன், இந்த ஆசான் இருவர் உலையும் ஒன்றாகவே அணைந்தன. கேரள அரசு 2019இல் பி.வி.சி. பிளெக்ஸுக்குத் தடை விதித்தபோது, பழையோர் பலர் தம் காலம் திரும்பியது என்று பிரஷை எண்ணெயிலிருந்து எடுத்தனராம். அச்சுக்கடைகளோ துணிக்கும் பாலித்தீனுக்கும் மாறிக்கொண்டன. தேர்தல் வந்தால் சுவரெழுத்துக்கு மட்டும் இன்றும் ஆள் வேண்டும். கட்சிகள் முன்கூட்டியே சுவரைப் பிடித்துவைக்கும். ஓரிரு வாரத்தில் எல்லாச் சுவரும் எழுதியாக வேண்டும். அப்போது கழுவுதல், நிரப்புதல் என்னும் படிகளைப் பார்க்க எவருக்கும் பொழுதிராது. பையன் கையில் பிரஷைத் திணித்து, "எழுதுடா" என்பர். நாலு ஆண்டில் வராத துணிவு நாலு இரவில் வந்துவிடும்.

கடையில் எனக்கு முன்பே ஒரு பையன் இருந்தான். பதினெட்டு வயது, நல்ல கை. 'கையாள்' என்றுதான் அவனுக்குப் பெயர். இரண்டு ஆண்டு நிரப்புதலிலேயே கழிந்தது. கூலி பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போதும், வீட்டுக்குப் போதாது. பணிபயில்வோர் சட்டம் 1961இலேயே உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறது என்று சட்டம் பயிலும் நண்பர் ஒருவர் எனக்கு எடுத்துக்காட்டினார். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒற்றை அறைப் பட்டறை எட்டுவதில்லை. ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. அச்சுக்கடையில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. ஆசான் அவனைத் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது பெட்டி திறந்திருந்தது. நோட்டு மேசைமேல் கிடந்தது. "பார்" என்று அவர் சொல்லவில்லை. பார்க்காதே என்றும் சொல்லவில்லை. ஓர் ஆண்டு முன்பே அந்தப் பெட்டி திறந்திருந்தால் அவன் தங்கியிருப்பான் என்பது என் எண்ணம். ஆசானிடம் அதைக் கூற எனக்கு நா எழவில்லை.

நோட்டில் பழைய மலையாளக் கூட்டெழுத்துகள் பக்கம் பக்கமாக இருந்தன. 1971இல் தட்டச்சுக்கு ஏற்ப அரசு எழுத்தைச் சுருக்கியபோது பிரிக்கப்பட்டவை அவை. பலகைக்காரர் அவற்றை எளிதில் விடவில்லை. அதற்குப் பழமைப் பற்று மட்டும் காரணமன்று. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதினால் நீண்ட பெயரும் குறுகிய பலகையில் அடங்கும், தகரம் மிச்சமாகும். இறுதிப் பக்கங்களில் தமிழ் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் எழுதிவந்த தமிழர் ஒருவரிடம் சிறுவனாகச் சேர்ந்தபோது ஆசான் வரைந்துகொண்டவை. அந்தத் தமிழர் திட்டிக்கொண்டே கற்பித்தாராம்; ஆனால் எதையும் மறைக்கவில்லையாம்.

இப்போது 'லை'க்கு வருகிறேன். பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. நாம் அனைவரும் அதன்பின் பிறந்தவர்கள். துதிக்கை 'லை'யைப் பாட்டனார் புத்தகத்தில்தான் கண்டிருப்போம். ஆசானின் தமிழோ அந்த ஆணைக்கு முன்பே நின்றுவிட்டது. நம் பலகையில் அவர் வெளிக்கோடு வரையும்போது இதைச் சொன்னேன். புதிய வடிவத்தைத் தாளில் எழுதியும் காட்டினேன். தாளை வாங்கிக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். "இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தந்தவர் இப்படித் தரவில்லையே, மோனே" என்றார். நான் வற்புறுத்தவில்லை. செயற்குழுவின் இசைவு பெறாமல் நான் செய்த முடிவு அது, குற்றமாயின் பொறுத்தருள்க.

எழுத்தெல்லாம் காய்ந்தபின் அவர் சிறிய பிரஷ் ஒன்றை என்னிடம் கொடுத்து, புள்ளிகளை என்னை வைக்கச் சொன்னார். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றம்: எண்ணிப் பாருங்கள், ஏழு புள்ளிகள். புள்ளிதானே என்று எளிதாக எண்ணிவிடாதீர்கள். ஏழும் ஒரே உயரத்தில், ஒரே பருமனில், ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். தொட்டதைத் திரும்பத் தொடக்கூடாது. கை நடுங்காமலிருக்க இடக்கையில் ஒரு குச்சியைப் பலகைமேல் சாய்த்து, அதன்மேல் வலக்கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நான் வைத்து முடிக்கும்வரை ஆசான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். பிறகு வந்து, பலகையின் வலக்கீழ் மூலையில் கடைப்பெயரை எழுதினார்.

ஏழில் ஒன்று மட்டும் சற்றே பெருத்திருக்கும். அது எது என்று நான் சொல்லப்போவதில்லை.