இராமானுசனின் டௌ சார்பும் இருபத்தாறு இலக்கப் பகா எண்ணும்: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற இயல் எண் எதனாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1916ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் டௌ என்னும் சார்பை ஆராய்ந்தார். அச்சார்பின்வழிப் பெறப்படும் 80561663527802406257321747 என்னும் பகா எண்ணின் இயல்புகளையும், அதன் இலக்கங்கள் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டுள்ளனவா எனக் கையால் சரிபார்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

டௌ சார்பு

(1 − அ), (1 − அ²), (1 − அ³) என முடிவின்றித் தொடரும் காரணிகள் ஒவ்வொன்றையும் 24ஆம் அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கி, அப்பலனை மேலும் ஒருமுறை அ-ஆல் பெருக்கினால் ஒரு தொடர் கிடைக்கும். அத்தொடரில் அ-வின் ந-ஆம் அடுக்கிற்குரிய கெழுவே டௌ(ந) ஆகும். டௌ(1) = 1, டௌ(2) = −24, டௌ(3) = 252.

சார்பகா எண்கள் இரண்டின் பெருக்கற்பலனுக்குரிய டௌ மதிப்பு, அவ்விரண்டின் டௌ மதிப்புகளைப் பெருக்கிய பலனுக்குச் சமம். ப ஒரு பகா எண் எனில், டௌ(ப²) = டௌ(ப)² − ப¹¹. இவ்வியல்புகளை இராமானுசன் கருதுகோளாக முன்வைத்தார். 1917இல் மோர்டெல் மெய்ப்பித்தார்.

பகா எண் தோன்றும் இடம்

ந ஒற்றை முழு வர்க்கமாக இருந்தால் மட்டுமே டௌ(ந) ஒற்றை எண்ணாகும். எனவே, ஒற்றைப் பகா எண்ணைத் தேடுவோர் 9, 25, 49 முதலிய வர்க்கங்களையே நோக்கவேண்டும். டௌ(9) = 252² − 3¹¹ = −113643; இது 3-ஆல் வகுபடுவதால் பகா எண் அன்று. இவ்வாறு நாடிச் சென்ற டி. எச். லேமர், பகா மதிப்பைத் தரும் முதல் எண் 63001, அதாவது 251² என 1965இல் அறிவித்தார். டௌ(63001)-இன் மதிப்பு மேற்கூறிய இருபத்தாறு இலக்க எண்ணின் எதிர்மம் ஆகும்.

சரிபார்க்கும் முறை

டௌ(ந)-ஐ 691-ஆல் வகுத்தால் வரும் மீதியும், ந-வின் வகுத்திகளுடைய 11ஆம் அடுக்குகளின் கூடுதலை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. இது இராமானுசன் கண்ட ஒருங்கிசைவு. 63001-இன் வகுத்திகள் 1, 251, 63001. 251¹¹-ஐ 691-ஆல் வகுத்தால் மீதி 60. 63001¹¹ என்பது 251¹¹-இன் வர்க்கம் ஆதலின், 60² = 3600-இன் மீதியாகிய 145 அதற்குரியது. கூடுதல் 1 + 60 + 145 = 206.

மறுபுறம், இருபத்தாறு இலக்க எண்ணை 691-ஆல் நீள்வகுத்தல் செய்தால் மீதி 485. டௌ மதிப்பு எதிர்ம எண் ஆதலால் 691 − 485 = 206. இரண்டும் பொருந்துகின்றன.

ஓர் இலக்கம் பிழைபட்டால் தோன்றும் வேறுபாடு, 1 முதல் 9 வரையுள்ள ஓர் எண்ணைப் பத்தின் அடுக்கொன்றால் பெருக்கியதாகும். 691 பகா எண்ணாதலின் அதனை மீதியின்றி வகுக்காது. மீதி மாறிப் பிழை வெளிப்படும். அடுத்தடுத்துள்ள இரு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் அவ்வாறே. பல பிழைகள் ஒருங்கே நேரின், ஒன்றையொன்று ஈடுசெய்து மறைதலும் கூடும்.

முடிவுரை

இச்சோதனை எண்ணின் பகாத்தன்மையை மெய்ப்பிப்பதன்று. அதற்குத் தனி முறைகள் வேண்டும். எனினும், அச்சில் எளிதில் சிதையக்கூடிய நெடிய எண்ணொன்றை நம்பிக்கையின்பேரில் மட்டும் ஏற்காமல், நீள்வகுத்தல் அறிந்த பள்ளி மாணவரும் தாமே சோதித்தறிய இது துணைசெய்கிறது.