சஞ்சயன் பார்த்தது நேரலையா?

வியாசர் வந்து வழிபட்டதால்தான் வியாசர்பாடி என்று பெயர் வந்தது என்பது எங்கள் பகுதியில் வழங்கும் கதை. அதனால் வகுப்பில் மகாபாரதப் பேச்சு வந்தாலே பிள்ளைகளுக்கு உரிமை கூடிவிடும். "மிஸ், நம்ம வியாசர் சஞ்சயனுக்குக் குடுத்தது லைவ் வீடியோதானே? அப்பவே இன்டர்நெட் இருந்திருக்கு!" என்றான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆமாம் என்றால் அறிவியல் பிழை. உளறாதே என்றால் அடுத்த கேள்வி கேட்கமாட்டான்.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு ஆங்கில நாவல்கள். இரண்டிலும் நாயகன் ஹேக்கர். இரண்டிலும் பழங்கதை உண்டு.

நீல் ஸ்டீஃபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' 1992இல் வந்தது. 'மெட்டாவர்ஸ்' என்ற சொல்லைத் தந்ததும், திரையில் நமக்காக உலவும் உருவத்துக்கு 'அவதார்' என்ற பெயரைப் பரவலாக்கியதும் இந்நாவல்தான். கணினியை முடக்கும் வைரஸ் ஒன்று, திரையைப் பார்க்கும் ஹேக்கரின் மூளையையும் முடக்குகிறது. காரணம் தேடும் நாயகன் சுமேரியத் தொன்மங்களுக்குப் போகிறான். என்கி என்ற கடவுளின் மந்திரம், மனித மூளையில் ஓடும் நிரல் என்று நாவல் விளக்குகிறது. மனிதர்களின் மொழி குறித்த என்கியின் மந்திரம் சுமேரியக் களிமண் பலகைகளில் உண்மையாகவே உண்டு. அது நிரல் என்பது மட்டும் ஆசிரியரின் கற்பனை. எது சான்று, எது கற்பனை என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லலாம்.

ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' (2012) வேறு வழியில் போகிறது. வளைகுடா நகரம் ஒன்றில், அரசின் இணையக் கண்காணிப்பிலிருந்து பிறரைக் காக்கும் இளைஞன் அலிஃப். தட்டச்சு செய்யும் விதத்தைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் நிரலை எழுதுகிறான். ஜின்கள் சொன்ன கதைகள் அடங்கிய பழைய நூல் அவன் கைக்கு வருகிறது. இங்கே ஜின் ஜின்னாகவே இருக்கிறது. யாரும் அதைக் கணினியாக்கி விளக்குவதில்லை. ஆனால் ஒரே கதைக்குப் பல பொருள் இருக்கமுடியும் என்பதிலிருந்து, நிரலைப் புதிதாக எழுத அலிஃபுக்கு யோசனை பிறக்கிறது. (விக்ரம் என்றொரு ஜின்னும் வருகிறது. வேதாளக் கதை தெரிந்த நம் பிள்ளைகள் விடமாட்டார்கள்!)

விறுவிறுப்பில் முதல் நாவல்தான் மேல். வகுப்பறைக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டாவதன் வழியை. இரண்டுமே பெரியவர்களுக்கான நூல்கள். மாணவர்களுக்குக் கதையைச் சொன்னால் போதும்.

மறுநாள் கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டோம். நேரலைக்குக் கேமரா, மின்சாரம், அலைவரிசை, சர்வர் என்று பட்டியல் நீண்டது. சஞ்சயன் பக்கம் 'வரம்' என்ற ஒரே சொல். பிறகு, இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று கேட்டேன். "பாக்கறது ஒருத்தர், நம்பறது இன்னொருத்தர்" என்றாள் பின்வரிசை மாணவி. அதே பையன் மீண்டும் எழுந்தான்.

"மிஸ், சஞ்சயன் பொய் சொல்லியிருந்தா, திருதராஷ்டிரன் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாரு?"