இலவச லோடு எருவாகுமா?

செப்டிக் டேங்க் லாரிக்காரர் வந்து, "அண்ணாச்சி, உங்க காட்டுல ஒரு லோடு இறக்கிக்கிடட்டுமா? நல்ல உரம், காசு வேண்டாம்" என்று கேட்டால் என்ன சொல்வது? சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் விவசாயிகள் இதற்குப் பதிலைத் தயாராக வச்சிருக்கணும். தொழுஎரு விற்கிற விலையில் சபலம் தட்டத்தான் செய்யும்.

அந்தத் தொட்டிக் கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, பொய்யில்லை. கூடவே குடற்புழு முட்டைகளும் இருக்கு. சில முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு, வெறுங்காலோடு களையெடுக்கிற நம்ம பெண்களின் பாதம் வழியாகவே ஏறிவிடும். வீட்டில் ஊற்றுகிற ஆசிட்டும் பினாயிலும் தனி.

சட்டம் இல்லாமலில்லை. 2014இல் தமிழக அரசு இதற்கென வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. பிறகு லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றானது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இந்தக் கழிவுக்கென்றே சுத்திகரிப்பு நிலையமும் இயங்குது. ஆனால் நிலையம் தூரமாக இருந்தால் டீசல் செலவு யார் தலையில்? லாரிக்காரர் ராத்திரியில் ஓடையைத் தேடத்தான் செய்வார். அவரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்!

தொட்டியையும் பார்க்கணும். பிளானில் இரண்டு அறை, தளம் எல்லாம் இருக்கும். தோண்டுவது அடியில் தளம் போடாத உறைக்குழி. பெயர்தான் செப்டிக் டேங்க். பக்கத்துக் கிணறு கெடுவது அங்கேதான். மண்ணை மூடுவதற்கு முன்னால் உள்ளாட்சியிலிருந்து யாராவது வந்து எட்டிப் பார்த்தார்களா?

மலத்தை எருவாக்கவே முடியாதா என்றால், முடியும். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் மலமும் சிறுநீரும் தனித்தனியாகப் போகிற கழிப்பறை கட்டி, வந்துபோகிறவருக்கு 10 பைசா கொடுத்தது! அதை நடத்திய மாராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்ணி ஊற்றுகிற கழிப்பறை என்றால் ரெட்டைக்குழி போதும். ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்கணும். அடைத்த குழி ஒரு வருசத்துக்குக் குறையாமல் சும்மா கிடக்கட்டும். பிறகு அள்ளித் தென்னைக்கோ மாவுக்கோ போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். இயற்கைச் சான்று வாங்குகிறவர்கள் சான்றளிப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கிடுங்க.

லாரிக்காரரிடம் உரிமத்தைக் கேளுங்க, காட்டுக்குள் விடாதீங்க. நம்ம ஊர்க் கழிவு எங்கே கொட்டப்படுது என்று அக்டோபர் 2 கிராம சபையில் எழுதியே கொடுங்க. தீர்மான நோட்டில் ஏறின பிறகு கையெழுத்துப் போடுங்க.