பேசாத இணைப்பு அறுபடும்

மட் என்ற மின்னஞ்சல் நிரலில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. டெர்மினலுக்குள் வெறும் எழுத்தாகவே ஓடும். அதில், சர்வரிலுள்ள அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை வழியாக அஞ்சல்பெட்டியைத் திறந்துவைத்திருப்பவர்களுக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு. சற்று நேரம் வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் சர்வருடனான இணைப்பு அறுந்திருக்கும். சில சமயம் இணைப்பு மூடப்பட்டதாகத் திரையின் அடியில் ஒரு வரி வந்து, பெட்டி மூடிக்கொள்ளும். சில சமயம் எந்தச் செய்தியும் வராது. கடிதத்தைத் திறக்க விசையை அழுத்தினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணிச் சர்வர்மீது பழி போடுவது வழக்கம். உறைந்து நிற்கும் இரண்டாவது வகையில் சர்வருக்குப் பெரும்பாலும் பங்கே இல்லை.

சர்வருக்கான விதி தெளிவாகவே இருக்கிறது. ஐமேப் விதிகளைச் சொல்லும், 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3501 ஆவணத்தின்படி, சும்மா இருக்கும் பயனரை வெளியேற்ற சர்வர் ஒரு கெடு வைத்திருந்தால் அது 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வெளியேற்றும்போதும் காரணத்தைச் சொல்லி ‘பை’ என்று அறிவித்த பிறகே மூடவேண்டும். மட் நிரலோ 300 விநாடிக்கு ஒருமுறை ‘நோஆப்’ என்ற கட்டளையை அனுப்பிவிடுகிறது. அந்தக் கட்டளை எந்த வேலையையும் கேட்பதில்லை. ஆள் இருக்கிறது என்று காட்டுவதோடு சரி. 30 நிமிடக் கெடுவுக்கு ஐந்து நிமிட இடைவெளி தாராளம். விதியை மீறி அவசரப்படும் சர்வர்கள் சில இருக்கின்றன என்றாலும், அறுபடும் இணைப்புகளில் பலவற்றுக்குக் காரணம் நடுவழியில் இருக்கிறது.

ஐமேப் ஓடுவது டிசிபி இணைப்பின் மேல். டிசிபியில் இயல்பாக இதயத்துடிப்பு மாதிரி எதுவும் இல்லை. இரு முனைகளும் பேசாமல் இருந்தால் கம்பியில் ஒரு பிட்கூட நகராது. நடுவில் கேபிளைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துச் செருகினாலும், அதற்குள் எவரும் பேச முயலாவிட்டால், இடையில் வழி அறுந்திருந்ததே இரு முனைகளுக்கும் தெரியாது. அழகான வடிவமைப்பு இது. ஆனால் வீட்டு ரவுட்டரும் இணைய நிறுவனத்தின் முகவரி மாற்றிகளும் அந்த மௌனத்தை வேறு மாதிரிப் படித்துக்கொள்கின்றன.

பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள உதவும் இந்த முகவரி மாற்றியை, அதாவது நேட் கருவியை, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவரோடு ஒப்பிடலாம். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன், அலமாரியில் ஓர் அறை. நேட் கருவியில் அந்த அறைக்குப் போர்ட் எண் என்று பெயர். ஒரு பொது முகவரிக்கு 65,536 எண்களுக்கு மேல் கிடையாது. கூட்டம் பெருகினால் அறை போதாது. அதனால் நெடுநேரம் எவரும் வந்து கேட்காத செருப்பை, சொந்தக்காரர் போய்விட்டார் என்று முடிவுகட்டி அப்புறப்படுத்திவிடுகிறார். சொந்தக்காரரோ உள்ளே பிரவசனம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யாரும் ஆள் அனுப்பிச் சொல்வதில்லை. வெளியே வந்து டோக்கனை நீட்டினால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். அதுகூடச் சில வாசல்களில் கிடைக்காது. ‘நோஆப்’ என்பது, பிரவசனத்தின் நடுவே அவ்வப்போது எழுந்துவந்து டோக்கனைக் காட்டிவிட்டுப் போவது.

எத்தனை நேரத்தில் அப்புறப்படுத்துவார் என்பதுதான் கேள்வி. நேட் கருவிகளுக்கான ஆர்எஃப்சி 5382 ஆவணம் பரிந்துரைப்பது குறைந்தது 2 மணி 4 நிமிடம். லினக்ஸ் கெர்னலின் இயல்பு அளவு 5 நாள். அமேசானின் நேட் கேட்வே கொடுப்பது 350 விநாடி. மட் நிரலின் 300 விநாடி இதற்குள் 50 விநாடி மிச்சத்தில் தப்பிக்கிறது. அதன் பழைய பதிப்புகளில் இருந்த 900 விநாடி தப்பித்திருக்காது. இதைவிடப் பொறுமை குறைந்த வாசல்களும் உண்டு.

திரை உறைவதற்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வழி அழிந்தது தெரியாமல் மட் கட்டளையை அனுப்புகிறது. பதில் வராததால் லினக்ஸ் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. காத்திருப்பு 0.2 விநாடியில் தொடங்கினால், அடுத்தது 0.4, பிறகு 0.8, 1.6 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். 102.4 வரை வந்தபின் 120 விநாடி என்ற உச்சத்தில் நின்று, அதற்குமேல் ஒவ்வொன்றும் 120 தான். 15 மறுமுயற்சி முடிந்து கைவிடும்போது மொத்தம் 924.6 விநாடி, கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கடந்திருக்கும். உறைந்த திரை அத்தனை நேரமும் செத்த வழியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

வரலாற்றைப் பொறுத்தவரை வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். டிசிபியின் தர ஆவணம் 1981-இலும், மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஐமேப் 1986-இலும் வந்தன. முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க நேட் ஆவணமாக வெளிவந்தது 1994-இல். நடுவில் மறதிக்காரர் ஒருவர் இருப்பார் என்று முதல் இரண்டையும் வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்க வாய்ப்பில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மட் நிரலின் பதிவுக் கோப்பே நல்ல சாட்சி. ‘-டி 2’ என்ற தெரிவோடு தொடங்கினால், பிழைத்திருத்த வசதியோடு தொகுக்கப்பட்ட பதிப்பு, சர்வரோடு நடந்த கட்டளை உரையாடலை எழுதிவைக்கும். போகும் வரிகளில் வலப்பக்க அம்பும் வரும் வரிகளில் இடப்பக்க அம்பும் இருக்கும். கடைசி வரிகளில் சர்வரிடமிருந்து ‘பை’ வந்திருந்தால் வெளியேற்றியது சர்வர். காரணமும் அதே வரியில் இருக்கும். போன ‘நோஆப்’புக்குப் பதிலே வராமல் பதிவு நின்றிருந்தால் நடுவழியைத்தான் சந்தேகிக்கவேண்டும். எப்போதும் ஒரே அளவு மௌனத்துக்குப் பிறகே அறுபட்டால் சந்தேகம் உறுதியாகிறது. கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அறுபட்டால் வைஃபையைப் பார்ப்பது நல்லது.

நீண்ட கடிதம் எழுதுவதால் இணைப்பு போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. விம் போன்ற எடிட்டர் திறந்திருக்கும்போதும் மட் பின்னால் அலாரம் வைத்துக்கொண்டு விழித்து ‘நோஆப்’ அனுப்புகிறது. இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட நிரல்கள் குறைவு. ஆனால் கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிரலையே நிறுத்திவைத்தாலோ, மடிக்கணினியை மூடினாலோ அலாரமும் சேர்ந்து தூங்கிவிடும்.

பரிகாரம் எளிது: ‘நோஆப்’ இடைவெளியைத் தீர்மானிக்கும் ‘ஐமேப் கீப்அலைவ்’ மதிப்பை 60 விநாடி அளவுக்குக் குறைக்கலாம். பெரும்பாலான வாசல்களுக்கு அது போதும். கைபேசி இணைப்பில் இன்னும் குறைத்தால் ஒவ்வொரு முறையும் ரேடியோ விழித்து பேட்டரியைத் தின்னும்.

‘உடனுக்குடன் அஞ்சல்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் ஐடில் வசதியை இந்தச் சிக்கலுக்கு மருந்தாக நம்பக் கூடாது. 1997-இல் வந்த அந்த நீட்டிப்பு, நிரலை வாய்மூடிக் காத்திருக்கச் சொல்கிறது. 29 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்பது அதன் அறிவுரை. அதற்குள் டோக்கன் செல்லாததாகிவிடலாம். டவ்காட் சர்வர் இதை உணர்ந்து, இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்புகிறது. மட் நிரலில் ஐடில் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி உறைந்தால் அணைத்துப் பார்க்கும்படி அதன் கையேடே சொல்கிறது.

இணைப்பு எண்ணிக்கையும் சில சமயம் காரணமாகலாம். ஜிமெயில் ஒரு கணக்குக்கு 15 ஐமேப் இணைப்புகளை அனுமதிக்கிறது. டவ்காட்டின் இயல்பு, ஒரு பயனருக்கு ஒரு முகவரியிலிருந்து 10. கைபேசி, டேப்லெட், அலுவலகக் கணினி என்று ஒவ்வொன்றும் சில இணைப்புகளைப் பிடித்துவைத்தால் அந்த எண்ணிக்கை சீக்கிரம் நிரம்பும்.

இத்தனைக்கும் பிறகு தொல்லை தீராவிட்டால், எம்பிசிங்க் அல்லது ஆஃப்லைன்ஐமேப் என்ற நிரலைக் கொண்டு அஞ்சல் முழுவதையும் கணினியிலேயே பிரதி எடுத்துவைத்து, மட் நிரலை அந்தப் பிரதியைப் படிக்கச் செய்யலாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக ஓர் இணைப்பு திறந்து, வேலையை முடித்து, உடனே மூடிக்கொள்ளும். புதுக் கடிதம் அத்தனை நிமிடம் தாமதமாக வரும் என்பது மட்டுமே இதற்குக் கொடுக்கும் விலை.