பாசி சொல்லும் சாட்சி

மழைக்காலத்தில் எங்கள் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் ஏறுவோர், காலை வழுக்கும் பாசியைச் சபிப்பது வழக்கம். ஆயினும் காற்றின் தூய்மைக்கு அதனினும் நேர்மையான சாட்சி கிடைப்பதரிது.

பாசிக்கு மண்ணிலிருந்து உணவை உறிஞ்சும் வேர் கிடையாது. மழையும் பனியும் தூசியும் கொணர்வதைத் தன் மேனி முழுவதாலும் ஏற்று அது வாழ்கிறது. ஆதலின் காற்றில் கலந்த ஈயம், காட்மியம், பாதரஸம் முதலிய உலோகங்களும் அதனுள் சேர்ந்துவிடுகின்றன. பாசியை உலர்த்திச் சோதித்தால் அவற்றின் அளவு புலப்படும். 1960-களின் இறுதியில் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கையாண்ட உபாயம் இது.

நம் தமிழகத்திலும் இது பயன்பட்டதுண்டு. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரஸக் கழிவு வெளிப்பட்டதால் 2001-ஆம் ஆண்டில் மூடப்பெற்றது. ஹைதராபாத் விஞ்ஞானிகள் அம்மலையின் பாசியையும், நாம் மசாலையில் சேர்க்கும் கல்பாசியின் இனத்தையும் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத ஆவியாய்ப் பறந்த பாதரஸம் அவற்றில் பதிந்திருந்தது!

ஆபத்து வந்தபின் அளப்பது ஒருவகை. அதற்கு முன்பே அளந்து குறித்து வைப்பதன்றோ விவேகம்? தூய்மையாயிருந்த நாளின் கணக்கு நம் கையில் இல்லாவிடின், மாசு படிந்த நாளில் எதனோடு ஒப்பிடுவோம்? வத்தல்மலையின் பாசி இன்றும் பசுமையாய்க் காத்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.