ஆல்ஃபும் ஆர்ச்சியும்: வந்தவர்களைத் திட்டிய இரண்டு வீடுகள்

லண்டன் மாநகரின் கிழக்கே வாப்பிங் என்றொரு பகுதி. தேம்ஸ் நதிக்கரையில் இருந்த கப்பல் துறைகளை நம்பிப் பிழைத்த தொழிலாளர்கள் நிறைந்த இடம். அங்கே ஒரு சிறிய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, மீசை வைத்த வழுக்கைத் தலையர் ஒருவர் உலகத்தையே வைது தீர்க்கிறார். கறுப்பர், இந்தியர், பாகிஸ்தானியர், யூதர், ஐரிஷ்காரர், தொழிற்கட்சிக்காரர், யாரும் அவர் வாய்க்குத் தப்புவதில்லை. எங்கிருந்தோ வந்து நம் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய பல்லவி.

பிழைப்பைத் தேடி வேறு ஊர் போனவர்களுக்கு இந்தப் பல்லவியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ரயிலிலும் குழாயடியிலும் கேட்டிருப்பார்கள். ஆனால் இதையே சிரிப்பு நாடகமாக்கி, திட்டுகிறவனையே கேலிப்பொருளாக நிறுத்த முடியுமா? அந்தச் சோதனையை முதலில் பிரிட்டனும் பிறகு அமெரிக்காவும் செய்து பார்த்தன. ஒரே விதைதான். முளைத்த மரங்கள் வேறு.

வாப்பிங்கின் ஆல்ஃப்

அந்த வழுக்கைத் தலையரின் பெயர் ஆல்ஃப் கார்னெட். கிறிஸ்தவத் திருமண உறுதிமொழியிலிருந்து எடுத்த 'டில் டெத் அஸ் டூ பார்ட்', அதாவது 'மரணம் நம்மைப் பிரிக்கும்வரை' என்ற தலைப்பில் பி.பி.சி. டெலிவிஷன் 1965-ல் ஒரு தனி நாடகமாக இதைக் காட்டியது. 1966 முதல் தொடராக வந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1975 வரை நடந்தது.

எழுதியவர் ஜானி ஸ்பெயிட். கிழக்கு லண்டனில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகன். ஆல்ஃப் போன்றவர்களின் பேச்சைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர். ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செல் ஒரு யூதர். அரசியலில் இடதுசாரி. யூதர்களைத் திட்டும் வேடத்தை ஒரு யூதரே ஏற்று நடித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நான்கு பேர். ஆல்ஃப், மனைவி எல்ஸ், மகள் ரீட்டா, லிவர்பூல்காரரான மருமகன் மைக். ஆல்ஃபுக்கு மகாராணியார் மீது அளவற்ற பக்தி, கன்சர்வேடிவ் கட்சி மீது நம்பிக்கை. மருமகனோ சோஷலிஸ்ட். சாப்பாட்டு மேஜையில் தினமும் யுத்தம்தான். மனைவியை 'அறிவு கெட்ட மாடே' என்ற பொருளில் ஆல்ஃப் வைவார். எல்ஸ் பதறமாட்டார். சற்றுப் பொறுத்து, அமைதியாக ஒரே ஒரு வார்த்தை சொல்வார். கணவரின் அரைமணிப் பிரசங்கமும் அதில் கவிழ்ந்துவிடும். அந்த வேடத்தில் டாண்டி நிக்கல்ஸ் நடித்தவிதம் இன்றும் பார்க்கத்தக்கது.

ஸ்பெயிட் ஆல்ஃபுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. அவரிடம் மறைந்து கிடக்கும் நல்ல மனது என்று ஒன்றும் இல்லை. கோழைத்தனம் உண்டு, பொய் உண்டு, தன் நிலைமையைப் பற்றிய கசப்பு உண்டு. தன்னை ஏழையாகவே வைத்திருக்கும் மேல்தட்டை வணங்கிக்கொண்டு, தன்னைவிட ஏழையாக வந்தவனை உதைக்கிறார். அதுதான் ஸ்பெயிட் சொல்ல வந்த சங்கதி.

ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் அதைக் கண்டுகொண்டார்களா? ஒரு ரசிகர் தன்னிடம் வந்து, வெளிநாட்டான்களை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள் என்று பாராட்டியதாகவும், நாங்கள் வாங்கியது உம்மைப் போன்ற முட்டாள்களைத்தான் என்று தாம் பதில் சொன்னதாகவும் வாரன் மிட்செல் சொன்னதுண்டு.

விஷயம் வேடிக்கையோடு நிற்கவில்லை. 1968 ஏப்ரல் 20-ந் தேதி, ஈனக் பவல் என்ற கன்சர்வேடிவ் தலைவர் பர்மிங்ஹாம் நகரில், குடியேறி வருபவர்களால் நாடே நாசமாகும் என்ற பாணியில் பேசினார். கட்சித் தலைவர் ஹீத் மறுநாளே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். இரண்டு நாள் கழித்து, நீக்கப்பட்டவருக்கு ஆதரவாகப் பார்லிமெண்டை நோக்கி ஊர்வலம் போனவர்கள் யார் தெரியுமா? லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள். ஆல்ஃபின் அண்டை அயலார்கள்தான்!

கடல் கடந்த ஆர்ச்சி

இந்தத் தொடரைப் பற்றிப் படித்த அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் லியருக்குத் தம் தகப்பனார் நினைவு வந்துவிட்டது. அவரும் இப்படித்தான் வீட்டில் கத்துவாராம். உரிமையை வாங்கி, ஏ.பி.சி. நிறுவனத்துக்காக இரண்டு முறை மாதிரி நாடகம் எடுத்தார். இரண்டையும் அவர்கள் வேண்டாமென்றார்கள். கடைசியில் சி.பி.எஸ். ஏற்றுக்கொண்டு, 1971 ஜனவரி 12-ந் தேதி 'ஆல் இன் த ஃபாமிலி' என்ற பெயரில் ஒளிபரப்பியது. இது நம்முடைய பலவீனங்களை வேடிக்கையாகக் காட்டும் நிகழ்ச்சி என்று முன்னறிவிப்பு வேறு போட்டார்கள். அவ்வளவு பயம்! ஆனால் 1971 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

வாப்பிங் இங்கே நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியாயிற்று. ஆல்ஃப், ஆர்ச்சி பங்கர் ஆனார். சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் போர்மன். வேடம் ஏற்றவர் கரோல் ஓ'கானர். சோஷலிஸ்ட் மருமகன், போலந்து வம்சாவளியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஆனார். பெரிய மாறுதல் மனைவியிடம்தான். எல்ஸின் உணர்ச்சியற்ற அலட்சியம் போய், ஈடித் வந்தார். வெகுளி, ஆனால் யாரையும் வெறுக்கத் தெரியாத உள்ளம். ஜீன் ஸ்டேபிள்டன் அந்த வேடத்தில் ஓடி ஓடிக் காபி கொண்டுவரும்போது, இவ்வளவு நல்ல பெண்மணி நேசிக்கும் மனிதன் முழுக்கக் கெட்டவனாக இருக்க முடியாது என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

இதற்குத் தொழில்ரீதியான காரணமும் உண்டு. பிரிட்டனில் ஒருவரே எழுதும் தொடர், ஒரு தடவைக்கு ஏழெட்டு வாரம் ஓடினால் போதும். அமெரிக்காவில் எழுத்தாளர் குழு ஒன்று ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வாரங்களை நிரப்ப வேண்டும். அவ்வளவு நாள் ஒரு மனிதனை வெறுத்துக்கொண்டே வீட்டுக்குள் விட ஜனங்கள் சம்மதிக்கமாட்டார்கள். ஆகவே ஆர்ச்சிக்குக் கொஞ்சம் இதயம் வைத்தார்கள்.

இதனால் ஆபத்து குறைந்ததா, கூடியதா? 1974-ல் விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களை விசாரித்தார்கள். எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் தப்பெண்ணம் குறைந்தவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்க, தப்பெண்ணம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார்கள். ஜனாதிபதி நிக்சனே 1971-ல் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல மனிதரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று உதவியாளர்களிடம் அங்கலாய்த்தார். அந்தப் பேச்சு அவருடைய பிரசித்தி பெற்ற ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கிறது.

கதவைத் தட்டியவர்கள்

பிரிட்டிஷ் தொடர்தான் நேர்மையானது, அமெரிக்கத் தொடர் இனிப்புப் பூசியது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. ஆல்ஃபின் பேச்சில் உள்ள கூர்மை ஆர்ச்சியிடம் இல்லைதான். எனினும் ஒரு விஷயத்தில் என் ஓட்டு அமெரிக்காவுக்கே.

ஆல்ஃப் வீட்டில் வெளியிலிருந்து வந்தவன் பெரும்பாலும் பேசப்படுகிறவன். அவனைத் திட்டுவதும் வெள்ளைக்காரர், அவனுக்காக வாதாடுவதும் வெள்ளைக்கார மருமகன். ஆர்ச்சி வீட்டிலோ முதல் வாரத்திலேயே கறுப்பு இளைஞன் லயனல் ஜெஃபர்சன் உள்ளே வந்துவிடுகிறான். ஆர்ச்சியின் அசட்டுத்தனத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஊதி, அவரையே அசடாக்கிவிட்டுப் போகிறான். 1972-ல் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் தாமாகவே வந்து, போட்டோ எடுக்கும் சமயம் பார்த்து ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தம் வைத்தார். அரங்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

லயனலின் தகப்பனார் ஜார்ஜ் ஜெஃபர்சன் சலவைக் கடைகள் நடத்துபவர். ஆர்ச்சிக்குச் சளைக்காத முரடர். அந்த மனிதன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று வெகுகாலம் பிடிவாதமாக இருந்தவர், 1973-ல்தான் திரைக்கு வந்தார். ஆர்ச்சி ஒரு வார்த்தை சொன்னால் அவர் இரண்டு சொன்னார். இருவர் பேச்சிலும் நியாயமில்லை. ஆனால் பதில் சொல்ல ஆள் வந்துவிட்டான்.

1975-ல் ஜார்ஜ் பணக்காரராகி, குவீன்ஸை விட்டு மன்ஹாட்டனில் மாடிக் குடியிருப்புக்குப் போனார். அந்தக் குடும்பத்துக்கே 'த ஜெஃபர்சன்ஸ்' என்று தனித் தொடர் பிறந்தது. 'ஆல் இன் த ஃபாமிலி' ஒன்பது பருவங்களோடு 1979-ல் முடிந்தது. அடுத்த வீட்டுக்காரரின் தொடர் பதினோரு பருவங்கள், 1985 வரை ஓடியது.