ஈயம் போய் சில்லு வந்தது, பிறகு?
1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வர்த்தகம் நின்றது. விலை பாதியாகச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரப்பரையும் ஈயத்தையும் மட்டுமே நம்பியிருந்தால் நம் கதி என்ன? பினாங்கு, பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தடையற்ற வர்த்தக வட்டாரம்தான் கைகொடுத்தது. இன்று மலேசிய ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு மின், மின்னணுப் பொருள்கள்.

ஆனால், சில்லுகளைப் பொருத்திச் சோதிப்பதே இங்கு பெரும்பகுதி வேலை. கொழுத்த லாபம் வடிவமைப்பவருக்கு. (ரப்பர் பாலை விற்றுவிட்டு டயரை வாங்கிய கதைதான்.) அதனால்தான் 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது: 10 ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் செலவு, 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? எஸ்பிஎம்மில் இயற்பியல் எடுக்கத் தயங்கும் தம்பி, தங்கைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.